வளைகோல் ஏந்திய வாசுதேவன் பாசுகரன்

தொண்டை நாட்டில், பாலாற்றங்கரையில் அமைந்துள்ள வாலாஜாபாத்தினின்று மேற்கு நோக்கிச் செல்வோர் முதலில் காஞ்சிமா நகரை அடைவர். அதனையும் கடந்து தென்மேற்கே சென்றால் ஆரணி என்னும் ஊர் தோன்றும். இவ்விரண்டும் பட்டு நெசவிற்குப் பெயர்போனவை. தறியின் ஓசை கேட்கும் அவ்வாரணியில் 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிறந்தவர் வாசுதேவன் பாசுகரன். பிற்காலத்தில் இந்திய ஹாக்கி அணியின் தலைவராய் ஒலிம்பிக்கில் பொற்பதக்கம் வென்றவரும், அதன்பின் அவ்வணிக்கே பயிற்சியாசிரியராய் அமர்ந்தவரும் இவரே.

ஹாக்கி என்பது வளைந்த கோலால் பந்தை அடித்து ஆடும் ஆட்டம். பின்லாந்து போன்ற குளிர் நாடுகளில் உறைந்த பனித்தளத்தின்மீது சறுக்கிக்கொண்டு தட்டையான வில்லையை அடித்தாடும் ஹாக்கியும் உண்டு. அதில் ஒரு பக்கத்திற்கு அறுவரே ஆடுவர். நம் நாட்டில் வேரூன்றியது பதினொருவர் ஆடும் திடல் ஹாக்கி ஆகும். அக்காலத்து இந்தியர் ஆட்டமுறையில் முன்னணியில் ஐவரும், இடையணியில் மூவரும், பின்னணியில் இருவரும், இலக்கைக் காக்க ஒருவரும் நிற்பர். பாசுகரன் இடையணியின் இடப்புறத்தில் ஆடியவர்.

அவ்விடத்தின் அருமையை எண்ணிப் பாருங்கள். ஹாக்கிக் கோலின் ஒரு பக்கம் தட்டையாகவும் மறு பக்கம் உருண்டையாகவும் இருக்கும். தட்டையான பக்கத்தாலேயே பந்தை ஆடல் வேண்டும் என்பது விதி. இடக்கையர்க்கென்று வேறு கோலும் இல்லை. ஆதலின் தம் இடப்பக்கமாகப் பாய்ந்து வரும் எதிரியைத் தடுப்போர் கணப்பொழுதில் கோலைத் திருப்பிப் பிடித்தோ, காலை விரைந்து மாற்றியோ பந்தைப் பறித்தல் வேண்டும். பறித்த பந்தை முன்னணியினர்க்குச் சேர்ப்பிப்பதும் அவர் கடனே. தறியில் நாடா இங்குமங்கும் ஓடிப் பாவையும் ஊடையையும் இணைப்பதுபோல, இடையணியினர் ஓய்வின்றி ஓடி அணியை ஒன்றாக்குவர். கோல் அடிப்பவர் பெயரே நாளிதழில் பெரிதாக வரும். இவர்தம் உழைப்பை ஆட்டம் அறிந்தோரே அறிவர்.

பாசுகரன் சென்னை இலயோலாக் கல்லூரியில் பயின்றவர். 1976-இல் கனடா நாட்டு மாண்டிரியல் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியில் அவரும் ஒருவராக இருந்தார். 1928 முதல் 1956 வரை தொடர்ந்து ஆறு முறையும், மீண்டும் 1964-இலும் பொன் வென்ற இந்தியா, மாண்டிரியலில் ஏழாம் இடத்திற்குத் தாழ்ந்தது. பதக்கமின்றி இந்திய ஹாக்கி அணி திரும்பியது அதுவே முதன்முறை.

அத்தாழ்வின் காரணங்களுள் ஒன்றை அறிதல் நலம். அவ்வொலிம்பிக்கில்தான் முதன்முதலாகப் புல்தரையை விடுத்துச் செயற்கைத் தளத்தில் ஹாக்கி ஆடப்பெற்றது. இயற்கைத் தரையில் பந்து மேடுபள்ளங்களில் துள்ளும், வேகம் குறையும். கோலால் பந்தைத் தழுவிச் சென்று எதிரியை மயக்கும் நம்மவர் நுட்பத்திற்கு அஃது ஏற்ற களம். செயற்கைத் தளத்திலோ பந்து நேராகவும் மிக விரைவாகவும் ஓடும். அங்கே வலிய அடியும், நீண்ட ஓட்டமும், தளராத உடலுமே முந்தும். பொருள் மிகுதியும் செலவாகும் அத்தளங்களை ஐரோப்பிய நாடுகள் விரைந்து அமைத்தன. நம் சிறுவர்களோ மண்தரையிலேயே பழகிக்கொண்டிருந்தனர்.

நான்காண்டுகள் கழிந்து, 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குச் சென்ற அணிக்குப் பாசுகரன் தலைவரானார். அணியின் பதினாறு பேருள், மாண்டிரியலில் ஆடியோர் அவரும் இலக்குக் காவலர் பீர் பகதூர் செத்திரியும் ஆகிய இருவரே. ஏனையோர்க்கு ஒலிம்பிக் களம் புதிது.

சோவியத்துப் படை ஆப்கானித்தானத்தில் புகுந்தமையைக் கண்டித்துப் பல நாடுகள் மாஸ்கோவைப் புறக்கணித்தன. பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா முதலிய வலிய அணிகள் வரவில்லை. ஆறு அணிகளே போட்டியிட்டன. இதனைக் காட்டி அவ்வெற்றியைக் குறைத்துப் பேசுவோர் உளர். அவர் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இறுதியாட்டத்தைக் கண்டவர் எவரும் அஃது எளிதில் கிடைத்த பொன் என்று கூறார்.

முதற்சுற்றில் இந்தியா தான்சானியாவை 18-0 என வென்றது. போலந்தோடும் ஸ்பெயினோடும் 2-2 எனச் சமன் செய்தது. கியூபாவை 13-0 எனவும், சோவியத்து நாட்டை 4-2 எனவும் வென்றது. ஜூலை 29-ஆம் நாள் இறுதியாட்டத்தில் மீண்டும் ஸ்பெயினை எதிர்கொண்டது. சுரிந்தர் சிங் சோதி இரண்டு கோல்களும், மகாராஜ் கிருஷண் கௌசிக் ஒன்றும் அடிக்க, இந்தியா மூன்று கோல்கள் முந்தி நின்றது. வெற்றி கைக்கு வந்துவிட்டதென்று எண்ணிய வேளையில், ஸ்பெயினின் யுவான் அமாட் இரண்டு கோல்களை அடித்தார். முகமது ஷாகித் நான்காவது கோலை அடித்தார்; அமாட் தம் மூன்றாவதையும் அடித்துவிட்டார். எஞ்சிய நேரமெல்லாம் தலைவரும் இடையணியும் பின்னணியும் அரணாய் நிற்க, 4-3 என்னும் கணக்கில் இந்தியா எட்டாவது பொன்னைப் பெற்றது. அடுத்த ஆண்டு பாசுகரனுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

ஆட்டக்காரர் தம் கோலால் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். பயிற்சியாசிரியரோ எல்லைக்கோட்டிற்கு வெளியே நின்று பார்த்தே தீரவேண்டும். இந்த வேறுபாட்டைப் பாசுகரன் 2000-ஆம் ஆண்டில் சிட்னியில் உணர்ந்தார். அவர் பயிற்றிய அணி அர்ஜென்டினாவையும் ஸ்பெயினையும் வென்று, ஆஸ்திரேலியாவோடு சமன் செய்து, தென்கொரியாவிடம் மட்டும் தோற்றிருந்தது. கடைசியாக எதிர்த்தது போலந்து. வென்றால் அரையிறுதி உறுதி. இந்தியா 1-0 என முந்தி நின்றது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்திற்கும் குறைவாகவே இருந்தபோது போலந்து ஒரு கோல் அடித்துச் சமன் செய்தது. இருபதாண்டுகளுக்குமுன் மாஸ்கோவிலும் இந்தியாவைத் தடுத்த அதே போலந்து! தென்கொரியா அரையிறுதி புகுந்து வெள்ளிப் பதக்கமும் பெற்றது. இந்தியா ஏழாம் இடம் பெற்றது. மாண்டிரியலில் ஆட்டக்காரராய்க் கண்ட அதே இடம் அது.

2006-இல் ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பைக்கும் அவரே பயிற்சியாசிரியர். பன்னிரண்டு அணிகளுள் இந்தியாவிற்குக் கிட்டியது பதினோராம் இடம். பழி பெரும்பாலும் பயிற்சியாசிரியர் மீதே விழுவது விளையாட்டுலக வழக்கம். அடிக்கடி மாற்றப்பெறும் ஆசிரியரிடம் நெடுநாள் பயனை எதிர்பார்ப்பது விதைத்த மறுநாளே கதிரைத் தேடுவதற்கு ஒப்பாகும். எனினும் அத்தோல்வியில் அவர்க்குப் பங்கே இல்லை என்றும் கூறுதற்கில்லை.

மாஸ்கோவிற்குப் பின் நாற்பத்தோராண்டுகள் ஹாக்கியில் இந்தியாவிற்கு ஒலிம்பிக் பதக்கம் எதுவும் கிட்டவில்லை. 2021-இல் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என வென்றபோது வெண்கலம் வந்தது. 2024-இல் பாரிஸில் ஸ்பெயினை 2-1 என வென்று மீண்டும் வெண்கலம் பெற்றனர். ஆயினும், பாசுகரன் தலைமையில் 1980-இல் பெற்ற எட்டாவது பொன்னுக்குப் பின் ஒன்பதாவது பொன் 2024 வரை வரவில்லை.