தஞ்சாவூர் வீணை சொல்லித்தரும் கூலிக் கணக்கு

இந்த மாதப் பாடம்



கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. எட்டாம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்த கோயில் அது. தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிற சிற்பம் அங்கேதான் இருக்கிறது. கல்லைக் குடையும்போது உளி ஒரு தடவை பிசகினால் போச்சு, ஒட்டுப்போட முடியாது. தஞ்சாவூரில் மரத்தைக் குடைந்து வீணை செய்கிறவர்களுக்கும் அதே நிலைமைதான்.

இந்த மாதம் அந்த வீணை எப்படி உருவாகிறது என்று படிப்போம். "நமக்கு எதுக்கு வீணை?" என்று கேட்கலாம். நாம் யாரும் வீணை செய்யப் போவதில்லை. ஆனால் கையால் செய்த பொருளுக்கு எப்படி விலை வைப்பது என்பது நம்ம எல்லாருக்கும் வேண்டிய பாடம்.

1. மரம்

வீணைக்கு ஏற்றது பலா மரம். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவைத் தேடி வாங்குவார்கள். மிருதங்கத்துக்கும் பலாதான். கெட்டியான மரம், ஆனாலும் தட்டினால் நல்ல நாதம் கொடுக்கும். ஈரம் உள்ள மரத்தில் வேலை செய்தால் பிறகு வெடித்துவிடும். அதனால் காயவைக்க வேண்டும். மரம் காய்கிற நாளெல்லாம் அதில் போட்ட பணமும் முடங்கிக் கிடக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2. குடைதல்

வீணைக்கு மூன்று முக்கிய பாகங்கள்: உருண்டையான குடம், நீளமான தண்டி, நுனியில் யாளி முகம். மூன்றையும் தனித்தனியாகச் செய்து இணைத்தால் அது ஒட்டு வீணை. ஒரே மரத்தில் எல்லாவற்றையும் குடைந்து எடுத்தால் அது ஏகாந்த வீணை. ஏகாந்த வீணைக்கு வேலையும் அதிகம், விலையும் அதிகம்.

குடத்தின் உள்பக்கத்தை உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி எடுப்பார்கள். சுவர் தடித்துப்போனால் நாதம் வராது. மெலிந்துபோனால் உடையும். அளவு கைக்குத்தான் தெரியும்.

3. பதிப்பு வேலை

நாம் வீணையைப் பார்த்ததும் கண்ணில் படுவது குடத்தின் மேலும் ஓரங்களிலும் இருக்கிற வெள்ளைப் பூ வேலை. மரத்தில் பள்ளம் எடுத்து, அந்த அளவுக்கே வெட்டிய துண்டைப் பசை வைத்து இறக்கி, மேலே துருத்தி நிற்பதை அரத்தால் தேய்த்துச் சமப்படுத்துவார்கள். பிறகு மெல்லிய கோடுகள் கீறி, அதில் நிறம் ஏற்றுவார்கள்.

அந்தக் காலத்தில் இதற்கு யானைத் தந்தம் பயன்பட்டது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1986-இல் அதைத் திருத்தி இந்திய யானைத் தந்த வியாபாரத்தையும், 1991-இல் ஆப்பிரிக்கத் தந்த வியாபாரத்தையும் தடை செய்தார்கள். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் தகடுதான். பொருள் மலிவாகிவிட்டது. ஆனால் பள்ளம் எடுக்கிற நேரமும், தேய்க்கிற நேரமும் குறையவில்லை.

நம்ம பிள்ளைகள் வாசிக்க ஆசைப்படுகிற கிட்டாரிலும் இந்த வேலை உண்டு. கையால் செய்கிற கிட்டாருக்கு மெல்லிய பலகையைச் சூடுகாட்டி வளைத்து ஒட்டுவார்கள். நடுவில் இருக்கிற வட்டத் துளையைச் சுற்றி, நிறம் நிறமான மரச் சீவல்களைப் பதிப்பார்கள். எந்த ஊராக இருந்தாலும், அழகு வேலை என்றால் பொறுமையான வேலை.

4. மேளம் கட்டுதல்

தண்டியின் மேல் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த கறுப்பு மெழுகை வைத்து, அதில் 24 மெட்டுகளைப் பதிப்பார்கள். ஒவ்வொரு மெட்டும் சரியான சுரத்தில் நிற்க வேண்டும். இதற்குத்தான் மேளம் கட்டுதல் என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் தஞ்சாவூரை ஆண்ட காலத்தில் வந்த முறை இது என்பார்கள். கடைசியில் வாசிக்க நான்கு தந்தி, தாளத்துக்கு மூன்று தந்தி, ஆக ஏழு.

மேளம் கட்ட நல்ல காது வேண்டும். மெழுகு நாளாக ஆக இளகும், தேயும். அப்போது மறுபடியும் மேளம் கட்ட வேண்டும். அதற்கும் கூலி உண்டு. பழுது பார்ப்பதை யாரும் ஓசியில் செய்வதில்லை.

ஒரு வீணை முடிய ஏறக்குறைய 15 முதல் 20 நாள் ஆகும். குடைவது ஒருவர், பூ வேலை ஒருவர், மேளம் கட்டுவது ஒருவர் என்று வேலையைப் பிரித்துக்கொள்வதும் உண்டு.

5. இப்போது நம்ம கணக்கு

தீப்பெட்டி ஆபிஸ்ல கட்டை அடுக்கினவங்களுக்குத் தெரியும். எத்தனை கட்டை, எவ்வளவு கூலி என்று அங்கே ஒருத்தர் எழுதிக்கொண்டே இருப்பார். ஆனால் வீட்டில் சொந்தமாகத் தொழில் செய்யும்போது நம்ம கூலியை யாரும் எழுதுவதில்லை. நாமும் எழுதுவதில்லை. "சும்மா இருக்கிற நேரத்துல பண்றதுதானே" என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மூடி போட்ட, பூ வேலை வைத்த பனையோலைப் பெட்டி ஒன்று. (இந்தத் தொகைகள் கணக்குப் படிக்க மட்டுமே. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

ஓலை, சாயம்: 40 ரூபாய்
பை, பஸ் செலவு: 20 ரூபாய்
ஓலை வார, சாயம் போட: 1 மணி நேரம்
பின்ன: 4 மணி நேரம்
பூ வேலை, ஓரம் முடிக்க: 1 மணி நேரம்
6 மணி நேரத்துக்கு, மணிக்கு 40 ரூபாய் வீதம் கூலி: 240 ரூபாய்
அடக்க விலை: 300 ரூபாய்

வியாபாரி 150 ரூபாய்க்குக் கேட்கிறார். "ஓலைக்கு 40தானே ஆச்சு, 110 ரூபாய் லாபம்" என்று சந்தோஷமாகக் கொடுத்துவிடுகிறோம். உண்மை என்ன? 150-இல் செலவு 60 போனால் மீதி 90. அதை 6 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 15 ரூபாய். எட்டு மணி நேரம் உழைத்தாலும் 120 ரூபாய்தான். இந்தக் கூலிக்குக் காட்டு வேலைக்குக் கூப்பிட்டால் போவீர்களா?

இனி வட்டியைப் பார்ப்போம். 50 பெட்டிக்கு ஓலையும் சாயமும் வாங்கக் குழுவில் 2,000 ரூபாய் கடன் வாங்குகிறோம். நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி என்றால் மாதம் 20 ரூபாய். பணம் திரும்பி வர இரண்டு மாதம் ஆனால் 40 ரூபாய். பெட்டிக்கு 80 பைசா! பலா மரம் காய்கிறபோது பணம் முடங்குவது மாதிரிதான் இதுவும். கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் வட்டிக்கு இவ்வளவு பயப்படுகிற நாம், பெட்டிக்கு 150 ரூபாய்க் கூலியை மூச்சுவிடாமல் விட்டுக்கொடுக்கிறோம்.

இதற்கு மூன்று வழி உண்டு. சாயம் போட ஒருத்தர், பின்ன ஒருத்தர், ஓரம் முடிக்க ஒருத்தர் என்று வேலையைப் பிரித்தால் கை பழகி நேரம் குறையும். நேராக வாங்குகிறவரிடம் விற்றால் விலை கூடும். இரண்டுமே முடியாவிட்டால் அந்தப் பொருளை விட்டு வேறு பொருளுக்கு மாற வேண்டும்.

6. முத்திரை மட்டும் போதுமா?

2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2020-இல் நம்ம கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கும் கிடைத்தது. இந்தப் பதிவு பத்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியது. அந்தப் பெயரைப் போட்டு விற்க உற்பத்தியாளர் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். போலிகளைத் தடுக்க அது உதவும். ஆனால் கூலியை அது நிர்ணயிக்காது. உழைப்புக்கு ஏற்ற வருமானம் இல்லை என்று வீணை வேலைக்கு இளைஞர்கள் வருவது குறைந்துவருகிறது. கூலி கட்டாத தொழிலை எந்த முத்திரையும் காப்பாற்றாது.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நீங்கள் விற்கும் ஒரு பொருளுக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது? அடுத்த கூட்டம் வரை நோட்டில் எழுதி வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுங்கள்.
2. விற்ற விலையில் செலவைக் கழித்து, மீதியை மணி நேரத்தால் வகுத்தால் உங்கள் கூலி எவ்வளவு?
3. உங்கள் குழுவில் எந்த வேலையைப் பிரித்துச் செய்யலாம்?

கணக்கு நோட்டில் சேமிப்புக்கு ஒரு பக்கம், கடனுக்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறோம். இந்த மாதம் முதல் கூலிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவோம், சகோதரிகளே.