மீதியிருக்கும் சிறுநீரகச் சக்தி



எங்கள் டயாலிசிஸ் பிரிவைப் பார்க்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "சிலருக்கு வாரம் மூன்று தடவை, சிலருக்கு இரண்டே தடவை செய்கிறீர்களே, பணம் இல்லாததினாலா?" அநேக சமயங்களில் அப்படித்தான், அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் இரண்டு தடவையே போதுமானவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்று அறிய, பழுதுபட்ட சிறுநீரகத்தில் இன்னும் எவ்வளவு சக்தி மீந்திருக்கிறது என்று அளக்கவேண்டும்.

இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. ஒரு பிளாஸ்டிக் கேன் போதும். டயாலிசிஸுக்கு முந்தின 24 மணி நேரச் சிறுநீர் முழுவதையும் நோயாளி அதில் சேர்க்கிறார். முதல் நாள் காலை எட்டு மணிக்குக் கழிப்பதை விட்டுவிடவேண்டும். மறுநாள் எட்டு மணிக்குக் கழிப்பதைச் சேர்க்கவேண்டும். (இதை மாற்றிச் செய்துவிட்டு வருகிறவர்கள் பலர்!) டயாலிசிஸ் தொடங்குமுன் இரத்தமும் எடுக்கிறோம்.

ஒரு சகோதரியின் கணக்கைப் பாருங்கள். சிறுநீர் 720 மி.லி.; அதாவது நிமிடத்துக்கு அரை மி.லி. அதிலுள்ள யூரியா டெசிலிட்டருக்கு 630 மி.கி. இரத்தத்தில் 140. யூரியா நாள் முழுதும் ஏறிக்கொண்டே வந்திருப்பதால், அதில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து 126 என்று சராசரியாகக் கொள்ளுகிறோம். 0.5-ஐ 630-ஆல் பெருக்கி 126-ஆல் வகுத்தால் 2.5. நிமிடத்துக்கு 2.5 மி.லி. இரத்தத்தை அவருடைய சிறுநீரகம் யூரியா நீக்கித் தருகிறது. அற்பமாகத் தோன்றும். ஆனால் இயந்திரம் வாரத்தில் எட்டு மணி நேரமே உழைக்கிறது. சிறுநீரகமோ 168 மணி நேரமும் உழைக்கிறது. வாரக் கணக்கில் அது 25 லிட்டர்! அமெரிக்க தேசியச் சிறுநீரக அறக்கட்டளை 2006-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, உடலளவுக்கேற்பத் திருத்திய இந்த அளவு 2-க்குக் கீழே இருந்தால் வாரம் இரண்டு தடவை போதாது. சகோதரிக்கு இரண்டே தொடர்ந்தது.

மூன்று மாதம் கழித்து அவர் கொண்டுவந்த கேனில் 1,080 மி.லி. இருந்தது. சந்தோஷப்பட்டோம். ஆனால் கால்கள் வீங்கியிருந்தன. இரத்த யூரியா முன்போலவே. சிறுநீரில் யூரியா 210 மட்டுமே. கணக்குப் போட்டால் 1.25. எங்கள் நர்ஸ் தனியாக அழைத்து மெதுவாய்க் கேட்டபோது அழுதுவிட்டார். வீட்டில் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றியிருக்கிறார். காப்பீட்டில் டயாலிசிஸ் இலவசந்தான். ஆனால் மூன்றாவது தடவை என்றால் இரண்டு பேருக்குப் பஸ் கட்டணம், கணவருக்கு இன்னொரு நாள் கூலி நஷ்டம்.

தண்ணீர் ஊற்றினால் அளவு கூடும். அதே விகிதத்தில் யூரியாவின் அடர்த்தி குறையும். பெருக்கினால் விடை மாறுவதில்லை. சிறுநீரின் அளவை மட்டும் பார்த்திருந்தால் நாங்கள் ஏமாந்திருப்போம், ஆபத்து அவருக்கு. உடலில் நீரும் பொட்டாசியமும் ஏறினால் இருதயம் தாங்காது.

உடனே மூன்றாவது நாள் சேர்க்கப்பட்டது. இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. பஸ் கட்டணத்தை உங்கள் காணிக்கையிலிருந்து கொடுத்துவருகிறோம். மீதியிருக்கும் அந்த 1.25-ஐயும் காக்கவேண்டியிருப்பதால், மருந்துக்கடையில் தானாக வலி மாத்திரை வாங்கக்கூடாது என்று அவர் கணவரிடமும் சொல்லி அனுப்பினோம். அடுத்த கேன் மூன்று மாதம் கழித்து. இப்போதெல்லாம் அதைக் கொடுக்கும்போதே பஸ் செலவைப் பற்றியும் கேட்டுவிடுகிறோம்.