தாளுக்கு முன் ஆளைப் பார்

கண்ணு, தோட்டத்துக் கிளினிக்கில் வேலைக்குச் சேரப்போகிறாய். பால்மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் மூப்படைந்தவர்கள்தான் உன் எதிரில் வந்து உட்காருவார்கள். மலேசியாவில் ரந்தாவ், லிங்கி பக்கத்துத் தோட்டங்களில் டிரெஸ்ஸராகவே, அதாவது மருத்துவ உதவியாளராகவே, நரைத்த உன் பெரியப்பா சொல்கிறேன், கேள்.

1. சிறுநீர்ச் சோதனைத் தாளுக்கு முன் ஆளைப் பார். எழுபது தாண்டி வீட்டில் நடமாடும் பெண்களிலேயே 100-க்குச் சுமார் 11 முதல் 16 பேரின் சிறுநீரில் கிருமி இருக்கும். முதியோர் இல்லங்களில் இருக்கும் பெண்களில் அது 25 முதல் 50 வரை போகும். மாதக்கணக்கில் நீர்க்குழாய் போட்டிருந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. தொந்தரவு ஒன்றும் இல்லாதவரை அது நோயல்ல.

2. கூச்சம் போகும்படி கேள். எரிச்சல் உண்டா, புதிதாக அடிக்கடி போகிறதா, அடிவயிறு வலிக்கிறதா, காய்ச்சல் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேள். ஒரு பாட்டி மருமகள் பக்கத்தில் இருந்தவரை எல்லாவற்றுக்கும் "ஒண்ணுமில்லப்பா" என்றார். மருமகள் வெளியே போன பிறகுதான் நீர்க்கடுப்பைச் சொன்னார். அவருக்கு மருந்து தேவைப்பட்டது. பொறுமையாகக் கேட்காதவன் காதில் நோய் விழாது.

3. வாடையை நம்பி மருந்து கொடுக்காதே. தண்ணீர் குறைந்தாலே சிறுநீர் மஞ்சளிக்கும், நாற்றமடிக்கும். கக்கூஸ் தொழிலாளர்களின் லயன் வீட்டுக்குப் பின்னால் தள்ளி இருந்த காலத்தில், இருட்டில் போகப் பயந்து மாலையிலேயே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள் கிழவிகள். அவர்களுக்கு வேண்டியிருந்தது மாத்திரை அல்ல, வழியில் ஒரு விளக்கு.

4. முதலில் கிடைத்த காரணத்தோடு நின்றுவிடாதே. தாத்தா திடீரென்று ஆள் தெரியாமல் பேசினால் எல்லோரும் சிறுநீரைத்தான் குற்றம் சொல்வார்கள். காய்ச்சலோ கடுப்போ இல்லாத குழப்பத்துக்கு வேறு காரணம் தேடு, கவனமாகப் பார்த்திரு என்கிறது அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2019 வழிகாட்டி. நான் பார்த்த ஒரு தாத்தா சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிடந்ததால் சர்க்கரை இறங்கிக் குழம்பியவர். மலச்சிக்கலையும் புதிதாகத் தொடங்கிய மாத்திரைகளையும் விசாரி. ஆனால் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ ரத்த அழுத்தம் சரிந்தாலோ காத்திராதே; உடனே சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கு அனுப்பு.

5. கையடக்கம் பழகு. நல்ல சீவுகாரர் கத்தியைப் பட்டையோடு நிறுத்துவார். ஆழப் போனால் பால் கூடாது, மரம்தான் புண்ணாகும். மருந்தும் அப்படித்தான். கனடாவில் லிண்ட்சே நிக்கோல் குழுவினர், தொந்தரவில்லாமல் சிறுநீரில் கிருமி மட்டும் இருந்த முதியோர் இல்லப் பெண்களுக்கு மருந்து கொடுத்துப் பார்த்து 1987-இல் எழுதினார்கள். ஆயுள் கூடவில்லை. மருந்தின் பக்கவிளைவுகளும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்தான் கூடின.

6. விதியைப் பிடிவாதமாக்காதே. கர்ப்பிணிக்குத் தொந்தரவே இல்லாவிட்டாலும் சிறுநீர்க் கிருமிக்கு மருந்து உண்டு. விட்டால் சிறுநீரகம் வரை ஏறலாம். சிறுநீர்ப் பாதையில் ரத்தம் கசியக்கூடிய அறுவைக்கு முன்பும் அப்படித்தான். சர்க்கரை நோய் இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது.

7. மருந்து கொடுக்காத இடத்தில் நேரத்தைக் கொடு. டவுனிலிருந்து லீவு போட்டு அம்மாவை அழைத்து வந்த மகனுக்கு, வெறுங்கையோடு திரும்புவது கோபமாகத்தான் இருக்கும். ஏன் கொடுக்கவில்லை என்பதையும், எந்த அடையாளம் கண்டால் உடனே வரவேண்டும் என்பதையும் உட்கார்ந்து தமிழில் சொல். அடையாளங்களைத் தாளில் எழுதிக் கொடு. மறுநாள் நீயே லயன் வீட்டுக்குப் போய் அந்த அம்மாவைப் பார். அப்படிப் போகிறவன் "மாத்திரை வேண்டாம்" என்றால் தோட்டத்து ஜனம் நம்பும்.