கோரைக்கு மருந்து, மூக்கிரட்டைக்குக் கை

கோரையா புல்லா என்று சந்தேகம் வந்தால் கண்ணைவிட விரலை நம்பலாம். பூத்தண்டு ஒன்றைக் கிள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிப் பாருங்கள். கோரையானால் உருளாது, மூன்று விளிம்பும் விரலில் தட்டும். புதுச்சேரியில் புல்தரை வைத்திருப்பவர்கள் உரக்கடைக்குக் கிளம்பும் முன் இதைச் செய்துவிட வேண்டும். கடையில் எல்லாப் பாட்டிலுக்கும் களைக்கொல்லி என்றுதான் பெயர். எது எதைக் கொல்லும், எதை விட்டுவைக்கும் என்பது வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

லாஸ்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டில் நான் பார்த்தது இது. அருகம்புல் தரை, நடுநடுவே கோரை. கடையில் போய் “புல் மருந்து கொடுங்க” என்றிருக்கிறார். உளுந்துக்கும் நிலக்கடலைக்கும் அடிக்கிற குயிசலோஃபாப்பைக் கொடுத்துவிட்டார்கள். அதுவும் தேர்ந்தெடுத்துக் கொல்கிற மருந்துதான், ஆனால் அது தேர்ந்தெடுப்பது புல் குடும்பத்தை. கோரை புல் மாதிரி தெரிந்தாலும் வேறு குடும்பம். இரண்டு வாரத்தில் அருகு வைக்கோலாகிவிட்டது. கோரை மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது.

களைக்கு முன்னால் உங்கள் புல் எதுவென்றும் தெரிய வேண்டும். நம் ஊரில் அதிகம் போடுவது அருகு வகைகள், கொரியன் புல், அகல இலையுள்ள பஃபலோ புல். மூன்றும் வெயில் காலத்தில் வளர்பவை என்றாலும் மருந்தைத் தாங்குவதில் ஒன்றல்ல. அருகும் கொரியனும் 2,4-டியைத் தாங்கிக்கொள்ளும். பஃபலோ புல் அதில் வெளிறிப்போகும், அதிகமானால் செத்தும் போகும்.

அகல இலைக் களைகளுக்கு, அதாவது மூக்கிரட்டை, வெட்டுக்காயப் பூண்டு, அம்மான் பச்சரிசி, தொட்டாற்சிணுங்கி போன்றவற்றுக்கு, வீட்டளவு தரையில் மருந்தே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. மழை பெய்த மறுநாள் களைக்கொத்தியோடு உட்கார்ந்தால் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். மூக்கிரட்டைக்கு மட்டும் ஆணிவேர் ஆழம். மேலே இழுத்தால் அறுந்து மறுபடி துளிர்க்கும், பக்கத்தில் குத்தி நெம்ப வேண்டும்.

விடுதி, பள்ளி வளாகம் போன்ற பெரிய தரைகளில் கையால் முடியாதபோதுதான் 2,4-டி. இது செடியின் வளர்ச்சி ஹார்மோனைப் போல நடித்து, கட்டுப்பாடில்லாமல் முறுக்கி வளரவைத்துக் கொல்கிறது. எஸ்டர் வகை வெயிலில் ஆவியாகிப் பரவும், கத்திரி வெயில் அடிக்கிற ஊருக்கு அது ஆகவே ஆகாது. அமைன் உப்போ சோடியம் உப்போ வாங்குங்கள். அதிலும் நம் ஊர்க் கடற்காற்றை மறக்கக் கூடாது. பகலில் கிழக்கிலிருந்து வீசத் தொடங்கிவிடும், சாரலை மேற்கே இருக்கிற வீட்டு முருங்கைக்கும் மாடித்தோட்டத்துத் தக்காளிக்கும் கொண்டுபோகும். இலை கிண்ணம் போலச் சுருண்டு நரம்பு இழுத்துக்கொண்டால் காரணம் இதுவாக இருக்கலாம். காற்று அடங்கியிருக்கும் அதிகாலையில் மட்டும் அடியுங்கள். இதற்கென்று தனி ஸ்பிரேயர் வேண்டும். எவ்வளவு கழுவினாலும் ஒட்டியிருக்கும் மிச்சம் காய்கறிச் செடியைக் கெடுத்துவிடும். அமைன் உப்பு கண்ணில் பட்டால் கடுமையான காயம், அதனால் கண்ணாடி கட்டாயம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவை என்ற பட்டியலில் 2015-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதைச் சேர்த்ததும் நினைவிருக்கட்டும்.

மெட்சல்ஃப்யூரானும் அகல இலைக்கானதுதான். மண்ணில் தங்கி மர வேருக்குப் போகும் என்பதால் வேப்பமர நிழல் விழும் தரையில் நான் அதைத் தொடமாட்டேன். பெண்டிமெத்தலின் முளைக்கும் விதையை மட்டும் தடுக்கும், ஐப்பசி மழைக்கு முன்னால் போட்டால் கொஞ்சம் உதவும். கிளைஃபோசேட் எல்லாவற்றையும் கொல்வது, புல்தரையில் அதற்கு வேலை இல்லை. 2022 அக்டோபரில் வந்த மத்திய அரசின் ஆணைப்படி, உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களைத் தவிர வேறு யாரும் அதை அடிக்கவும் கூடாது. பாராகுவாட்டை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அதற்கு மாற்று மருந்து கிடையாது.

மீதி கோரை. இதற்கு மட்டும் கை தோற்கும். மேலே பிடுங்கினால் கீழே கம்பி போன்ற தண்டில் கோத்த கிழங்குகள் அப்படியே இருக்கும். தலைக்கிழங்கு போனதும் அடுத்தது முளைக்கும். இங்கே ஹாலோசல்ஃப்யூரான் மெத்தில் 75% குருணை நல்ல தேர்வு. இலை வழியே இறங்கிக் கிழங்கைச் சேரும், அருகையும் கொரியனையும் விட்டுவிடும்.

ஆபத்து இதன் அளவில் இருக்கிறது. கரும்புக்குச் சொல்லும் அளவு ஏக்கருக்கு 36 கிராம். 500 சதுர அடித் தரைக்குக் கணக்குப் போட்டால் 0.4 கிராம்தான் வரும், ஏறக்குறைய ஒரு சிட்டிகை. சமையலறைத் தராசில் அது காட்டாது. தேக்கரண்டியால் போட்டால் பல மடங்கு ஏறிவிடும். இரண்டு தசமம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வெறும் தண்ணீரை அடித்துப் பார்த்து, உங்கள் கைவேகத்துக்கு தரை முழுக்க எத்தனை லிட்டர் ஆகிறது என்று அளந்துவிட்டு மருந்தைக் கலக்குங்கள். அடிப்பதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் புல்லை வெட்டக் கூடாது. வெட்டினால் மருந்து இறங்க இலை இருக்காது.

களைக்கொல்லிப் பைகளில் கரும்பு, நெல், கோதுமை என்றுதான் எழுதியிருக்கும், புல்தரையைப் பார்ப்பது அரிது. அதனால் கடைக்காரர் சொல்லும் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் குரும்பாபேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு கோரைக் கிழங்கோடு போய்க் கேளுங்கள். இந்த நகரம் குடிப்பது நிலத்தடி நீர். கிணறோ போரோ பக்கத்தில் இருந்தால், மணல் கலந்த தரையில் மருந்தைவிட மண்ணை மாற்றுவது மேல்.

அடிக்கிறவர் பெரும்பாலும் நீங்கள் அல்ல, தோட்டக்காரர். லுங்கியும் வெறுங்காலுமாக அவரை டேங்க்கைத் தூக்க விடாதீர்கள். முழுக்கைச் சட்டை, பூட்ஸ், கையுறை, கண்ணாடி எல்லாம் வாங்கிக்கொடுப்பது உங்கள் பொறுப்பு, பேரம் பேசுகிற விஷயமல்ல. தரை காயும்வரை குழந்தையும் நாயும் வெளியே. வெட்டிய புல் மாட்டுக்குப் போகக் கூடாது. நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. பிள்ளையாருக்குச் சாத்தவும் காலையில் சாறு எடுக்கவும் வாசல் தரையிலிருந்தே அருகைக் கிள்ளுகிறோம். மருந்து அடித்த தரையில் அந்தப் பழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தொட்டியில் தனியாக அருகு வளர்த்தால் போதும்.

கோரை உடனே சாகாது. இரண்டு மூன்று வாரம் வெளிறி நிற்கும். பொறுமை இழந்து மறுபடி அடித்துவிடாமல், அடித்த இடங்களில் குச்சி நட்டு வையுங்கள். ஒன்றரை மாதம் கழித்துக் குச்சிக்குப் பக்கத்தில் புதுத் தளிர் வந்தால், அது தூங்கிக்கொண்டிருந்த கிழங்கு. அந்த இடத்துக்கு மட்டும் இரண்டாம் முறை.