வட்டாவின் வயது

பழைய பித்தளை வாங்குபவர் உம்மம்மாவின் வெற்றிலை வட்டாவைத் தராசில் வைத்தார். வயதுக்கு விலை இல்லையா?

முதலில் காந்தத்தைப் பிடியுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, பித்தளையில் ஒட்டாது. பிறகு தேய்வைப் பாருங்கள். கைபடும் விளிம்பும் தரையில்படும் அடியும் கூடுதலாகத் தேய்ந்திருக்க வேண்டும். கண்டியருகே பிலிமத்தலாவையில் இன்றும் பழைய வடிவங்களைச் செய்கிறார்கள். ஆகவே வடிவம் மட்டும் வயதைச் சொல்லாது.

பீங்கான் சஹனைக் கவிழ்த்துப் பாருங்கள். அமெரிக்கச் சுங்கச் சட்டத்தால் 1891 முதல் ஏற்றுமதிப் பொருட்களில் நாட்டின் பெயர் இடப்பட்டது. ‘இங்கிலாந்து’ என்றிருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது.

புளியிட்டுத் தேய்க்காதீர்கள். பெருநாளுக்குப் பெருநாள் தேய்த்ததில், வட்டாவின் அடியில் வெட்டியிருந்த மூத்தம்மாவின் பெயர் பாதி அழிந்திருந்தது. மீதி எழுத்துகளை வாசித்துக் காட்டினேன். உம்மா வட்டாவைத் தராசிலிருந்து எடுத்துவிட்டார்.