வெட்டுக்கிளி முட்டைகளைத் தின்னும் தேனீ ஈ

கோடையில் வரப்பைச் செதுக்கும்போது, மண்ணோடு மண்ணாக ஒட்டிய சிறு கூடு ஒன்று மண்வெட்டியில் பிளந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதனுள் அரிசி மணிகளை அடுக்கி வைத்தது போல மஞ்சள் நிற முட்டைகள் இருக்கும். அது வெட்டுக்கிளியின் முட்டைக்கூடு. நெல்லைத் தாக்கும் வெட்டுக்கிளி வரப்பு மண்ணில் முட்டையிடுவதால்தான், அறுவடைக்குப் பின் வரப்பைச் செதுக்கி முட்டைகளை வெயிலில் காயவிடச் சொல்கிறோம்.

வட அமெரிக்காவின் பெரிய சமவெளிகளிலும் வெட்டுக்கிளிகள் மண்ணுக்குள்தான் முட்டையிடுகின்றன. அங்கே அந்த முட்டைகளைத் தேடித் தின்று வளரும் ஈ ஒன்று உண்டு. அதன் பெயர் சிஸ்டீக்கஸ் வல்காரிஸ். பூச்சியியலார் இதை எவ்வாறு விவரித்துள்ளனர், அந்த விவரத்தை எப்படிப் படிப்பது, அதனால் உழவர்களுக்குக் கிடைத்த பயன் என்ன என்பதை இங்கே காண்போம்.

பெயரின் பொருள்

இரண்டே சிறகுகள் உடைய பூச்சிகளின் வரிசையில் தேனீ ஈக்கள் ஒரு தனிக் குடும்பம். பாம்பிலிடே என்பது அதன் பெயர். உலகெங்கும் ஏறத்தாழ 5,000 சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. நம் நாட்டிலும் இக்குடும்பத்து ஈக்கள் உண்டு. பூவின் முன்னே அசையாமல் நின்ற இடத்திலேயே பறந்து, சட்டென்று மறையும் மயிரடர்ந்த ஈக்களை நீங்களும் கண்டிருக்கலாம்.

பெயரின் முதல் சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் சிற்றினத்தையும் குறிக்கும். 'வல்காரிஸ்' என்றால் இலத்தீனில் 'பரவலாகக் காணப்படுவது' என்று பொருள். இழிவான பொருள் எதுவும் இல்லை. பெயருக்குப் பின்னால் 'லோவ், 1863' என்று எழுதுவது வழக்கம். ஜெர்மன் நாட்டுப் பூச்சியியலார் ஹெர்மன் லோவ் அந்த ஆண்டில் இந்த ஈயை முதன்முதலாக விவரித்தார் என்பதே அதன் பொருள். அவர் ஒரு பள்ளித் தலைமை ஆசிரியர். அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ஈக்களை ஐரோப்பாவில் இருந்தபடியே ஆராய்ந்து, நூற்றுக்கணக்கான சிற்றினங்களை இலத்தீன் மொழியில் சுருக்கமாக விவரித்தவர்.

உருவ அமைப்பு

இத்தகைய விவரங்கள் பெரும்பாலும் தலையில் தொடங்கி மார்பு, சிறகு, கால், வயிறு என்ற வரிசையில் செல்லும். நாமும் அவ்வாறே பார்ப்போம்.

இந்த ஈ வீட்டு ஈயின் அளவோ, அதைவிடச் சற்றுப் பெரிதாகவோ இருக்கும். உடல் கருமை நிறம். ஆனால் அந்தக் கருமை எளிதில் தெரியாதபடி வெளிர் மஞ்சளும் வெண்மையும் கலந்த நீண்ட மயிர்கள் உடலை மூடியிருக்கும். கூட்டுக் கண்கள் பெரியவை. ஆண் ஈயில் இரு கண்களும் உச்சியில் ஒன்றையொன்று தொடும். பெண் ஈயில் இடைவெளி இருக்கும். தலைக்கு முன்னே ஊசி போல நீட்டிக் கொண்டிருப்பது தேனை உறிஞ்சும் குழல். கொட்டுமோ என்று அஞ்ச வேண்டாம். தேனீக்கு நான்கு சிறகுகள், இதற்கு இரண்டே என்பதையும் மறக்க வேண்டாம். உணர்கொம்புகள் குட்டையானவை. கால்கள் மெலிந்தவை. சிறகுகள் கண்ணாடி போலத் தெளிவானவை.

மயிரின் நிறத்தை மட்டும் நம்பி இந்த ஈயை அடையாளம் காண முயல்வது தவறு. வயதான ஈக்களில் மயிர் உதிர்ந்துவிடும். பெட்டியில் ஊசி குத்தி வைத்த பழைய ஈக்களிலும் தேய்ந்துவிடும். ஆகவே வல்லுநர்கள் சிறகின் நரம்புகளைப் பார்க்கின்றனர். சிறகின் அடிப்பகுதியில், வயலின் பாத்திகளைப் போல, நரம்புகளால் அடைபட்ட இரு நீண்ட அறைகள் அருகருகே உள்ளன. சிஸ்டீக்கஸ் பேரினத்தில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். இதற்கு நெருங்கிய உறவான பாம்பிலியஸ் பேரினத்தில் மேல் அறை கீழ் அறையைவிட நீளமாக இருக்கும். ஒரு நரம்பு சற்றுத் தள்ளி அமைவது பெரிய காரியமா என்று கேட்கத் தோன்றும். பாம்பிலியஸ் ஈக்களின் புழுக்கள் மண்ணில் கூடு கட்டும் தனித் தேனீக்களின் இளம்புழுக்களைத் தின்பவை. சிஸ்டீக்கஸ் ஈயின் புழு தின்பதோ வெட்டுக்கிளி முட்டை. வெளிப் பார்வைக்கு இரண்டும் உடன்பிறந்தவை போலவே இருக்கும்.

புழுவும் ஈயும் ஒன்றே

1873 முதல் 1877 வரை ராக்கி மலை வெட்டுக்கிளிகள் அமெரிக்க சமவெளிகளில் கூட்டங்கூட்டமாக இறங்கிப் பயிர்களை அழித்தன. புதிதாக நிலம் திருத்திக் குடியேறிய பல குடும்பங்கள் விளைச்சல் முழுவதையும் இழந்தன. சில மாநிலங்களில் முட்டைகளைத் தோண்டிக் கொடுப்பவர்களுக்கு அரசே பணம் கொடுத்தது. 1877-இல் மத்திய அரசு மூவர் கொண்ட பூச்சியியல் குழு ஒன்றை அமைத்தது. அதன் தலைவர் சார்லஸ் ரைலி.

முட்டைக்கூடுகளைப் பிளந்து பார்த்தபோது, சில கூடுகளில் முட்டைக்குப் பதிலாக வெறும் தோல்களும், பருத்து வளைந்த, காலில்லாத வெண்புழு ஒன்றும் இருந்தன. அது எந்தப் பூச்சியின் புழு என்று அப்போது எவருக்கும் தெரியவில்லை. விந்தை என்னவென்றால், அந்தப் புழு வளர்ந்து ஆகும் ஈக்களுக்கு ஏற்கெனவே பெயர் சூட்டப்பட்டிருந்தது. வல்காரிஸ் 1863-இல் விவரிக்கப்பட்டது. அதன் உறவான சிஸ்டீக்கஸ் ஓரியாஸ் என்ற ஈயை ஆஸ்டன் சாக்கன் என்ற அறிஞர் அதே 1877-ஆம் ஆண்டில்தான் விவரித்தார். ஆனால் அந்த விவரங்கள் எல்லாம் பறக்கும் ஈயைப் பற்றியவை. உழவன் மண்ணில் காண்பதோ புழுவை. புழுவை வளர்த்து ஈயாக்கிப் பார்த்த பிறகே உண்மை விளங்கியது. வெட்டுக்கிளி முட்டைகளை அழிப்பவை தேனீ ஈக்களின் புழுக்கள் என்று 1880-இல் ரைலி வெளியிட்டார்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. பணத்திற்காக முட்டைக்கூடுகளை அள்ளி அழித்தவர்கள், அவற்றில் இருந்த புழுக்களையும் அறியாமலே சேர்த்து அழித்திருப்பார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. பெயர் தெரியாத புழு எல்லார் கண்ணுக்கும் எதிரியாகத்தான் தெரியும்.

ராக்கி மலை வெட்டுக்கிளி இன்று உலகில் இல்லை. 1902-இல் பிடிக்கப்பட்டவையே கடைசியாக உயிருடன் கிடைத்தவை. ஆனால் அதன் இனத்தைச் சேர்ந்த வேறு வெட்டுக்கிளிகள் இன்றும் அச்சமவெளிகளில் பயிரையும் புல்லையும் தின்று வருகின்றன. வல்காரிஸ் ஈக்கு அவற்றின் முட்டைகளே உணவு.

வாழ்க்கை முறை

கோடையின் பிற்பகுதியில் ஈக்கள் வெளிவந்து சூரியகாந்தி இனப் பூக்களில் தேன் அருந்தும். பெண் ஈ வயிற்று நுனியால் நுண்ணிய மண்ணைத் தன் உடலில் உள்ள ஒரு பையில் சேர்த்துக் கொண்டு, முட்டைகள் மீது அந்த மண்ணைப் பூசித் தரையில் இடும். பொரித்து வரும் புழு நூல் போல மெலிந்தது, சுறுசுறுப்பானது. அது மண்ணில் புகுந்து முட்டைக்கூட்டைத் தானே தேடிக் கொள்ள வேண்டும். கூட்டை அடைந்து தோலுரித்ததும் அதன் உருவமே மாறிவிடும். பருத்துச் சோம்பலான புழுவாகி, முட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக உறிஞ்சத் தொடங்கும். பின்பு குளிர்காலம் முழுவதும் மண்ணிலேயே தங்கும். சில புழுக்கள் மறு ஆண்டும் கூட்டுப்புழுவாகாமல் மண்ணிலேயே கிடப்பதுண்டு.

இந்த ஈயை மட்டும் நம்பி வெட்டுக்கிளியை ஒழித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். வெட்டுக்கிளி பெருகும் ஆண்டில் ஈ அதற்கு ஈடு கொடுத்துப் பெருகுவதில்லை, பின்தங்கியே பெருகும். ஆயினும் கூலியில்லாமல் மண்ணுக்குள் வேலை செய்யும் ஆள் அது.

இதே குடும்பத்தில் உழவரின் பகைவனும் உண்டு. ஹெட்டரோஸ்டைலம் ரோபஸ்டம் என்ற பருத்த தேனீ ஈ, உவர் நிலத்தில் கூடு கட்டும் ஒரு வகைத் தேனீயின் இளம்புழுக்களைத் தின்கிறது. அந்தத் தேனீ குதிரை மசால் பூக்களில் மகரந்தச் சேர்க்கை செய்வது. வாஷிங்டன் மாநிலத்தில் விதைக்காகக் குதிரை மசால் பயிரிடுவோர் அதற்கென்றே உவர் மண் பாத்திகளை ஈரமாக வைத்துப் பேணுகின்றனர். அவர்கள் பாத்தியின் மேல் நின்று பறக்கும் மயிரடர்ந்த ஈ, விதை விளைச்சலைக் குறைக்க வந்த எதிரி. சற்றுத் தொலைவில் புல்வெளியில் அதே சாயலில் பறப்பது நண்பனாக இருக்கலாம்.

வல்காரிஸ் தன் வேலையை முடித்துவிட்டது என்பதற்கு வயலில் ஓர் அடையாளம் கிடைக்கும். கூட்டுப்புழுவின் தலையில் கெட்டியான முட்கள் உள்ளன. அவற்றால் மண்ணைக் குடைந்து மேலே வந்து, பாதி உடல் வெளியே நீட்டிய நிலையில் தோலைப் பிளந்து ஈ வெளியேறும். வெறும் பழுப்புத் தோல் மட்டும் மண்ணில் செருகியபடி நிற்கும். அதற்கு நேர் கீழே தோண்டினால், முட்டை ஒன்றும் மிஞ்சாத வெட்டுக்கிளிக் கூடு கிடைக்கலாம்.