வாக்குச்சாவடியும் அடையாள அட்டையும்

‘அட்டை கையில் உளது, ஆகலின் வாக்கும் உண்டு’ என்பாரை நம் சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் யாம் பலகாலும் காண்கின்றோம். இது முழுதும் சரியன்று. வாக்குரிமை பட்டியலிலுள்ள பெயரைப் பற்றியது; அட்டையோ அப்பெயர்க்குரியவர் இவரே எனக் காட்டுவது மாத்திரமே. பெயரில்லாதார் அட்டையை நீட்டியும் பயனில்லை.

1962ஆம் வருஷத்துப் பொதுத் தேர்தலில் அழியாத மை வந்தது. அது மறுமுறை வருவாரைத் தடுக்குமேயன்றிப் பிறர் பெயரால் முதன்முறை வருவாரைத் தடுக்காது. இக்குறை நீங்கவே டி. என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராயிருந்த 1993இல் புகைப்பட அட்டை ஏற்பட்டது.

அட்டை இல்லாதார் கலங்க வேண்டுவதில்லை. ஆதார், கடவுச்சீட்டு, படமுள்ள வங்கிக் கணக்குப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை முதலியவற்றுள் ஒன்று போதும். லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லில் ஓட்டுநர் உரிமம் எத்தனை சட்டைப்பைகளில் உறங்குகின்றது! அதுவும் ஏற்கப்படும். வீட்டிற்கு வரும் தகவற்சீட்டு மட்டும் அடையாளமாகாது. விடுதி மாணவர் வேறு தொகுதியில் பெற்ற அட்டையைக் காட்டினும், பெயர் இச்சாவடிப் பட்டியலில் இருப்பின் தடையில்லை. அற்ப எழுத்துப் பிழைகளும் பொருட்படுத்தப்படா.

நம் பெயரால் பிறரொருவர் முன்னரே வாக்களித்திருப்பின் யாது செய்வது? 1961ஆம் வருஷத்துத் தேர்தல் நடத்தை விதிகள் இதற்கும் வழி கூறுகின்றன. அலுவலரின் வினாக்களுக்குத் தக்க விடையிறுப்பவர்க்கு இயந்திரத்திற்குப் பதிலாகத் தாட்சீட்டு அளிக்கப்படும். அது தனியுறையில் வைக்கப்படும். சாதாரண எண்ணிக்கையிற் சேராது. வெற்றி வித்தியாசம் குறுகித் தேர்தல் வழக்கு எழுமாயின், நீதிமன்றம் அதனைக் கணக்கிற் கொள்ளக்கூடும். ஒன்றுங் கேளாது வீடு திரும்பியவர்க்கோ அவ்வாய்ப்பும் இல்லை.